96 மணி நேர மீனும் அதன் சோறும்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அவர்களுக்கு,

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆண்டுக்கு ஒருமுறை மாணவிகளை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போவேன். மல்துணியைவிட நெருக்கமான கண்ணுள்ள கூம்பு வலை, ஒரு வாளி, நாலைந்து ஜாம் பாட்டில், அவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம். வலையில் தங்கியதைப் பாட்டிலில் கழுவி ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், தூசி துள்ளுவது போலிருக்கும். "மிஸ், தண்ணியில புழு!" என்று யாராவது ஒருத்தி கத்தாத ஆண்டு இல்லை.

புழு இல்லை அது. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். பாடநூலில் துடுப்புக்காலி, ஆய்வாளர் பேச்சில் கோபிபாட். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்று, மீன்குஞ்சின் வாய்க்கு அடங்கும் அளவில் அதைச் சதையாக்கித் தருவதுதான் இதன் பிழைப்பு. மடவையானாலும் கொடுவாயானாலும் முட்டையிலிருந்து வந்த முதல் சில நாள்களில் தேடுவது இதன் குஞ்சுகளைத்தான். எண்ணூரில் எந்த வலையில் எது விழுந்தாலும், அதன் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் வாரியத்தின் கணக்கு வேறிடத்தில் தொடங்குகிறது. 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரநிலைப் பட்டியலில் உயிர்ச்சோதனை என்று ஒரு வரி உண்டு: ஆலைக் கழிவுநீரில் விட்ட மீன்களில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும். கழிவு ஆற்றில் விழுந்தாலும் கடலோரத்தில் விழுந்தாலும் சோதனை இதேதான். அந்த நான்கு நாளில் மீன் சாப்பிட்டதா, முட்டையிடுமா, வெளியே அதன் குஞ்சுக்கு இரை இருக்குமா என்றெல்லாம் அந்த வரி கேட்பதில்லை.

மீன் பிழைக்கும் நீரில் துடுப்புக்காலி செத்துப்போகும் என்பதற்கு நான் வெளிநாட்டு ஆய்வைத் தேட வேண்டியதில்லை. நம் அரசாங்கமே கிணறு கிணறாக அதைச் செய்து காட்டியிருக்கிறது. நரம்புச் சிலந்தி நோய் நினைவிருக்கும். காலில் கொப்புளம் உடைந்து முழ நீளப் புழு வெளியே வரும்; குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுப்பார்கள். அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்தது கிணற்றிலும் குளத்திலும் வாழும் துடுப்புக்காலியான சைக்ளாப்ஸ். அதைக் கொல்ல நீரில் டெமிபாஸ் மருந்து விட்டார்கள். அளவு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அந்த அளவில் சைக்ளாப்ஸ் சாகும். மீனுக்குப் பெரிய கேடில்லை. மனிதர் அந்த நீரையே குடிக்கலாம். துணியில் வடிகட்டிக் குடிக்கும் பழக்கமும், படிக்கிணறுகளை மாற்றிக் கட்டியதும், இந்த மருந்தும் சேர்ந்து நோயை ஒழித்தன. 2000-இல் இந்தியா நரம்புச் சிலந்தி அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் மீனைக் கொல்லாமல் துடுப்புக்காலியைக் கொல்லும் அளவு ஒன்று உண்டு என்று தெரிந்து, அதைப் பயன்படுத்திய அரசு, கழிவுநீரைச் சோதிக்கும்போது மட்டும் அதை எப்படி மறந்தது?

தாமிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தரநிலைப் பட்டியலில் அனுமதி லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது 3000 மைக்ரோகிராம். கடலோரத் துடுப்புக்காலியான அகார்ஷியாவைத் தாமிரம் சில பத்து மைக்ரோகிராமிலேயே பாதிக்கிறது. கழிவு கடலில் கலந்து நீர்த்துப்போகும் என்று உங்கள் பொறியாளர் சொல்வார். திறந்த கடலில் சரி. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிப்போன ஓடையில், அலை ஏற்றம் குறைந்த நாளில் எவ்வளவு நீர்த்துப்போகும் என்று அவரையே ஒருமுறை படகில் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குடித்தனமும் இந்தப் பிராணியில் இருக்கிறது. துடுப்புக்காலியின் ஓட்டிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஓடு கைட்டினால் ஆனது. விப்ரியோ இனத்துக்கு அது வீடும் உணவும். வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலரே ஒரே ஒரு துடுப்புக்காலியின்மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்க முடியும். ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வங்கதேசக் கிராமங்கள் பலவற்றில் பழைய சேலையை நான்காக மடித்து அதில் நீரை வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். துடுப்புக்காலியோடு கிருமியும் துணியில் தங்க, காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003-இல் வெளிவந்த முடிவு இது. தெருக்குழாயில் வேட்டிக் கிழிசலைக் கட்டிவைத்த நம் பாட்டிமார்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது.

இந்தப் பாக்டீரியாக்களில் எல்லாமே பகையில்லை. எண்ணெயைத் தின்று சிதைப்பவையும் கடலில் உண்டு. நீரில் உலோகமோ எண்ணெயோ கூடும்போது எது பெருகும், எது ஒடுங்கும் என்பது மாறுகிறது. உலோகத்தைத் தாங்கப் பழகிய கிருமி, பல வேளைகளில் நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தாங்கிவிடுகிறது. வெளியே பிராணி துள்ளிக்கொண்டே இருக்கும்; உள்ளே குடியிருப்பவர்கள் மாறியிருப்பார்கள். பிழைத்ததா, செத்ததா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு இது தெரிய வழியே இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் ஓடைக்குள் வந்தது. மீனவர்கள் வாளியால் மொண்டு எடுத்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். மேலே மினுமினுப்பு போனதும் பேச்சும் போய்விட்டது. ஆனால் எண்ணெய் சிறு துளிகளாக உடைந்த பிறகுதான் துடுப்புக்காலிக்குச் சோதனை தொடங்குகிறது. பாசி என்று நினைத்து அதையும் விழுங்கும். அதன் எச்சத்தோடு சேர்ந்து துளி அடிச்சேற்றுக்குப் போகும். அதன் உடல் கண்ணாடி போன்றது, வெளிச்சம் உள்ளே புகும். உள்ளே சேர்ந்த எண்ணெய்ச் சேர்மங்கள் சில, வெயில் பட்டால் இன்னும் நஞ்சாகும். சாகாமல் தப்பினாலும் முட்டை குறையும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை வளர இரண்டு வாரம்கூடப் பிடிக்காது என்பதால், அந்தக் குறைவைச் சில வாரங்களிலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எண்ணூர், மணலி ஆலைகளுக்கு இசைவாணை புதுப்பிக்கும்போது மீன் சோதனையோடு துடுப்புக்காலிச் சோதனையையும் சேருங்கள். சாவை மட்டுமல்ல, முட்டையையும் குஞ்சையும் எண்ணச் சொல்லுங்கள். கடல் துடுப்புக்காலிகளை வைத்து நச்சை அளக்கும் சர்வதேசத் தரமுறை, ஐஎஸ்ஓ 14669, 1999-இலிருந்தே இருக்கிறது. அதில் உள்ள இனங்களை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். நம் கழிமுகத்து இனங்களை வளர்க்கத் தெரிந்தவர்கள் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில் இருக்கிறார்கள். தரநிலை டெல்லியில் வகுப்பது என்ற பதில் வேண்டாம். மாநில வாரியம் அதைவிடக் கடுமையான அளவை விதிக்கலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன.

செலவு ஆகும்தான். ஒரு நுண்ணோக்கி, சில கண்ணாடித் தொட்டிகள், பொறுமையாக உட்கார்ந்து எண்ணுகிற இரண்டு பேர். விலங்கியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போன என் பழைய மாணவிகளில் அந்த இரண்டு பேர் கட்டாயம் கிடைப்பார்கள்.

என் வலை இன்னும் கிழியவில்லை, பரணில்தான் கிடக்கிறது. வாரியத்துப் படகு மாதிரி எடுக்கப் போகும் நாளில் எனக்கும் ஓர் இடம் கொடுங்கள். வெயில் ஏறினால் இவை கீழே இறங்கிவிடும், அதனால் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். ஜாம் பாட்டில் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி,
வடசென்னை