எங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

திருச்சி மக்களுக்குக் காலை நடைக்கு வரும் முதியவர்களின் வேண்டுகோள்



நாங்கள் திருச்சியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் தினமும் காலையில் நடக்க வருகிறவர்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்களில் உண்டு. பள்ளி ஆசிரியைகள், அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அம்மா, காந்தி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர், பென்ஷன் வாசனையே தெரியாத பூக்கட்டும் பாட்டி என்று எல்லாரும் உண்டு. சங்கம் என்று பதிவு செய்துகொள்ளவில்லை. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப் எதுவும் கிடையாது. நடந்து முடித்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப வந்த ஒரு விஷயத்தை ஊருக்கே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பிரஷர் ஏறினாலும் சுகர் ஏறினாலும் ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் எங்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு அறிவுரை: “டென்ஷன் ஆகாதீங்க.” டாக்டர் சொல்கிறார், மகன் சொல்கிறான், வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் மகள் சொல்கிறாள். டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நாங்களே உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். நோய்ப் பயம் உண்டு, பணக் கவலை உண்டு, சாவைப் பற்றிய நினைப்பும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எங்களை உள்ளே அரிப்பது, எங்களைப் பற்றிய முடிவுகளை எங்களைக் கேட்காமலே எடுப்பதுதான்.

வீட்டிலிருந்தே தொடங்குகிறோம். இதை எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. குடும்பத்துக் கதையை வீதிக்குக் கொண்டுவருவானேன் என்றார்கள் சிலர். எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு மகன்கள் இருக்கும் வீடுகளில் ‘அப்பா பெரியவன்கிட்ட, அம்மா சின்னவன்கிட்ட’ என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. அல்லது, மாதம் ஒரு வீடு. எங்களோடு நடக்கும் ஒரு அம்மா மாதக் கடைசியில் தன் ஒயர் கூடையை எடுத்துவைப்பார். நாலு புடவை, மூக்குக்கண்ணாடிக் கூடு, விபூதி டப்பா, நாள்காட்டித் தாளில் மடித்த மாத்திரைகள், அவர் தண்ணீர் குடிக்கிற சொம்பு. ஒரு வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, இன்னொரு வீட்டில் பத்து மணிக்கு. ஒரு வீட்டில் அவருக்குக் கட்டில் உண்டு, இன்னொன்றில் ஹாலில் பாய், டி.வி. அணைந்த பிறகுதான் படுக்க முடியும். முதல் தேதியிலிருந்து ஒரு வாரம் அவருக்குப் பிரஷர் நிலைகொள்ளாது. மகன்கள் இருவரும் நல்லவர்கள்தான். வைவதில்லை, மருந்து வாங்கித் தரத் தவறுவதில்லை. இந்த ஏற்பாடு உனக்குச் சம்மதமா என்று அம்மாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் இந்த வீட்டில் இருக்கும் மாதம் அவருடைய வீட்டுக்காரர் அந்த வீட்டில் இருப்பார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனவர்கள், போனில் “சாப்டீங்களா” என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வயதான தம்பதியைப் பிரிக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

டென்ஷன் மனசோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. மனம் இறுகும்போது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. ஆபத்து வந்தால் சமாளிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது; ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும், அழுத்தத்தை ஏற்றும். ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டும். வயது ஏறினால் அடங்குவதற்கு நேரம் பிடிக்கும். தினசரி ஒரு எரிச்சல் என்றால் அடங்க வாய்ப்பே கிடைப்பதில்லை. தூக்கம் கெடுகிறது, ஞாபகம் தடுமாறுகிறது, புண் ஆறத் தாமதமாகிறது.

புண் ஆறுவதைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயதில், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லாருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆயிற்று. எங்கள் நர்ஸ் அம்மா இதைச் சொன்னபோது, பக்கவாதத்தில் விழுந்த கணவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோழி ஒருவர் முழங்கையில் ஆறாமல் கிடந்த சூட்டுக் காயத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அறுபத்தெட்டு வயதில், எழுபத்தைந்து வயதுக்காரரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிக்கொண்டிருப்பார். “நீங்க தெய்வம்மா” என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அந்த ஐயா பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அந்த அம்மா கோயிலுக்குப் போகட்டும், தங்கை வீட்டுக்குப் போகட்டும், தூங்கட்டும். எந்த நாள், எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும்.

கேட்பதனால் அப்படி என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வையும் சொல்கிறோம். 1976-ல் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார்கள். பிடித்த செடியை எடுத்துக்கொண்டு நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், சினிமா காட்டினார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் சந்தோஷத்தோடும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கவனிப்புக்குக் குறைவில்லை. ‘நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பாசத்தோடு நீங்கள் சொல்வது எங்களை ஏன் சோர்வாக்குகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

டாக்டர்களிடம் ஒரு வார்த்தை. பக்கத்தில் மகன் நின்றாலும் நோயாளி நாங்கள்தான். “அப்பா சரியா சாப்பிடறாரா?” என்று அவனிடம் கேட்காதீர்கள், எங்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். காது மந்தமாக இருந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், அவ்வளவுதான். ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலையும் விட்டுவிட வேண்டும். முதுமையைப் பற்றி நாடு முழுவதும் 2017–18-ல் நடந்த லாசி ஆய்வில், அறுபது கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது. டாக்டர் பார்த்து மனச்சோர்வு என்று சொல்லப்பட்டவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மிச்சம் பேரிடம் வயசைக் காரணம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

வங்கிகளுக்கும் சொல்கிறோம். கை நடுங்கும் வயதில் கையெழுத்து மாறத்தான் செய்யும். பின்னால் இருபது பேர் நிற்க, “போன தடவை போட்ட மாதிரியே போடுங்க” என்று சலானைத் திருப்பித் தள்ளினால் அடுத்த கையெழுத்து இன்னும் கோணலாகும். எங்களில் ஒருவர் நாலு சலான் வீணாக்கிவிட்டு, பணம் எடுக்காமலே வீடு வந்து சேர்ந்தார். முதியோருக்கு முன்னுரிமைக் கவுன்ட்டர் வேண்டும், எழுபது கடந்தவர்களுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை ஊழியர்கள் ஒரு முறை எடுத்துப் படித்தால் போதும். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. தபால்காரரே வீட்டுக்கு வந்து, சிறு கட்டணத்தில், கைரேகை வாங்கிப் பதிவு செய்து தருகிறார். ரேஷன் பொருளை முதியோரின் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது. இவையெல்லாம் இருப்பது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள். தெரியாதென்றால் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.

பஸ் டிரைவர் தம்பிகளே, நாங்கள் உட்காரும் வரை பத்து வினாடி பொறுத்து வண்டியை எடுங்கள். ரயிலில் 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் கட்டணச் சலுகையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது, அதை விடுவோம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோமே, வேண்டியதை நாம் வாய்விட்டுச் சொல்கிறோமா? ‘எனக்கென்னப்பா, எப்படியும் சரி’ என்று சொல்லிவிட்டு மனசுக்குள் வைத்துப் புழுங்குவது நம் பழக்கம். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். தூக்கம் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரின் அல்பிரஸோலத்தைப் பாதி உடைத்துப் போடுவதை நிறுத்துங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதற்கு அது ஒரு வழி. சாயங்காலக் காபியைக் குறைத்து, மதியத் தூக்கத்தை அரை மணியோடு முடித்துப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற உடல் உழைப்பு வேண்டும், அதோடு மூன்று நாளாவது தசைக்கும் உடம்பின் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பூங்காவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறோம், பெஞ்சில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுகிறோம். மூச்சுப்பயிற்சி நல்லது. கூடி நின்று சிரிக்கிற வகுப்பும் நல்லதுதான், ஆனால் வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லாதவருக்கு அங்கே அழுகைதான் வருகிறது, அதையும் பார்த்தோம்.

காது கேட்காவிட்டால் கருவி வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், ஒதுங்கினால் தனிமை, தனிமையில் மறதியும் வேகமாக நெருங்கும். காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் என்று லான்செட் இதழின் நிபுணர் குழு பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

சொத்து எழுதிக் கொடுப்பவர்களே, செட்டில்மென்ட் பத்திரத்தில் ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் கொடுக்கலாம். நிபந்தனை எழுதினால் மகன் மனம் கோணுமே என்று தயங்குவோம். நிபந்தனைக்கே கோணுகிற மனம் பிறகு என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ், சி.பி.ஐ. என்று வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என மிரட்டினால் போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்; அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. மனசு தாங்காவிட்டால் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். கவனிப்பாரில்லை, வீட்டில் கொடுமை என்றால் முதியோருக்கான 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. இரண்டுக்கும் கட்டணமில்லை. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவது பேரப்பிள்ளைகளின் வேலை.

தமிழ்நாட்டில் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது கடந்தவர்கள். 2031-ல் இது 18.2 ஆகும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. அந்தக் கூடுதல் ஆட்கள் இப்போது ஐம்பதுகளில் இருக்கும் நீங்கள்தான்.

எனவே மகன், மகள், மருமக்கள், வங்கி ஊழியர், டாக்டர், நடத்துநர், கவுன்சிலர் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறோம். வீடு மாற்றுவதோ, ஆபரேஷன் செய்வதோ, நிலம் விற்பதோ, ஆள் வைப்பதோ, முதியோர் இல்லம் பார்ப்பதோ, எங்களைப் பற்றியது என்றால் முடிவுக்கு முன்னால் எங்களை உட்காரவைத்துக் கேளுங்கள். நாங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிற பக்குவம் எங்களுக்கு இருக்கிறது.

பூங்காவில் கைப்பிடி வைத்த பெஞ்சுகளும் கழிப்பறையில் பிடிமானக் கம்பியும் கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு தயாராகிறது. எந்த வயதுக்காரரும் கையெழுத்துப் போடலாம். காலை ஆறிலிருந்து ஏழரை வரை இருப்போம், வாருங்கள்.

இப்படிக்கு,
காலை நடைக்கு வரும் முதியவர்கள்,
திருச்சிராப்பள்ளி