200 சிசி வைத்தால் ஒரு கப் ஏறுமாம்!

தில்லை நகர் கிராஸ்களில் டாக்டர் போர்டுகளை எண்ணி முடியாது. பல்லுக்கு, முடிக்கு, முட்டிக்கு... அழகு சிகிச்சைக்கும் குறைவில்லை. அதோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை ஒரு வாய்ப்பாட்டோடு: "150லிருந்து 200 சிசி இம்ப்ளாண்ட் வைத்தால் ஒரு கப் கூடும்." மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இது வந்து நிற்கும்.

சிசி என்பது கன அளவு. கப் என்பது இரண்டு சுற்றளவுகளின் வித்தியாசம். ஒன்றை வைத்து இன்னொன்றை எப்படி ஐயா சத்தியம் செய்வீர்கள்?

ஒரு பெண்ணுக்கு மார்புக்குக் கீழே 30 இன்ச், மார்பைச் சுற்றி 35 இன்ச் என்று வையுங்கள். நேராகக் கழித்தால் 5, அதாவது 30டிடி. கீழ்ச்சுற்றளவோடு 4 கூட்டும் பழைய முறையில் அளந்தால் பட்டி 34, வித்தியாசம் 1. இப்போது அவர் 34ஏ! ஒரு சொட்டு சிலிகான் உள்ளே போகவில்லை, டேப் பிடித்தவர்தான் மாறினார்.

இன்னொன்று. 34பி, 32சி, 30டி மூன்றும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. 38சி-யும் 32சி-யும் எழுத்தில் மட்டுமே ஒன்று. அதனால் ஒல்லியான உடம்பில் துருத்தித் தெரியும் 250 சிசி, அகன்ற மார்பில் இருக்கும் இடம் தெரியாது. அதே 300 சிசி அகலமாய்த் தட்டையாகவும் வரும், குறுகலாய் முன்தள்ளியும் வரும். விவரமான சர்ஜன் முதலில் அளப்பது மார்பின் அகலத்தை, தோலின் இழுவையை, ஏற்கெனவே உள்ள சதையை. பிராவை அல்ல.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பக அழகு சிகிச்சைப் பிரிவு தொடங்கியபோது, அழகு பணக்காரருக்கு மட்டுமா என்று அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கர் வாதாடினார். நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புற்றுநோயில் மார்பை இழந்தவருக்கும், கனம் தாங்காமல் கழுத்துவலியோடு அலைபவருக்கும் அது ஆடம்பரமா என்ன? ஆனால் ஓசியோ காசோ, உள்ளே வைப்பதைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருளல்ல. பிரான்சின் பிஐபி கம்பெனி தொழிற்சாலை சிலிகானை அடைத்து விற்றது 2010ல் அம்பலமானது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2021ல் பெட்டிக்குள் அச்சிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இதையெல்லாம் சொல்ல வேண்டிய நேரத்தில் "டி கப் வந்துடும்மா" என்பது சிகிச்சை ஆலோசனையா, ஜவுளிக்கடைப் பேச்சா?

போகிறவர்கள் எத்தனை சிசி, எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்தக் கம்பெனி, மறு ஆபரேஷன் வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். "டி கப் கியாரண்டி" என்றால், எந்தக் கடை பிராவில் என்று திருப்பிக் கேளுங்கள்.