வைக்கப்போரும் உலகப்போரும்

சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கச்சி பையன் போன தடவை ஊருக்கு வந்தப்போ, "மாமா, இது விவசாயி கதை, படிங்க"ன்னு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் திணிச்சிட்டுப் போனான். பெயர் 'ஃபயர் இன் த தாட்ச்'. கூரையில் தீ என்று வச்சுக்கலாம். எழுதியவர் ஈ.சி.ஆர். லோராக். மகாபலிபுரம் போற ஈ.சி.ஆர். இல்லைங்க, எடித் கரோலின் ரிவெட் என்ற அம்மாவின் புனைபெயர் அது. 1946ல் வந்த துப்பறியும் நாவல். மோட்டார் கொட்டாயில் கரண்ட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து பத்து நாளில் முடித்தேன்.

இரண்டாம் உலகப்போர் முடியப்போகிற சமயம். இங்கிலாந்தில் டெவன் என்கிற விவசாயப் பகுதி. போர் வேலையிலிருந்து விடுபட்டு வந்த நிக்கோலஸ் வாகன், ஒரு கூரை வீட்டையும் அதை ஒட்டிய நிலத்தையும் குத்தகைக்கு எடுக்கிறான். நிலத்துக்காரர் ஒரு கர்னல். லண்டன் பணக்காரர் ஒருவருக்கும் அந்த வீட்டின் மேல் கண்ணு. ஆனால் கர்னல், உழைக்கிறவனுக்கே கொடுக்கிறார். அவனும் வாத்து வளர்த்து, தோட்டம் போட்டு, இடிஞ்ச இடத்தையெல்லாம் தன் கையாலேயே சரி செய்கிறான். ஒரு ராத்திரி வீடு எரிஞ்சு போகுது. விபத்து என்று முடிந்துவிடும் போலத் தெரிகிறபோது, மெக்டொனால்ட் என்கிற அதிகாரி வந்து கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். மிச்சத்தை நான் சொல்லக் கூடாது.

கர்னலின் மருமகள் புருஷன் ஜப்பான்காரனிடம் கைதி. அதைப் படித்ததும் எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. அதே ஜப்பான் 1942ல் பர்மாவைப் பிடிச்சதும் இங்கே பர்மா அரிசி வரத்து நின்னுது. மூட்டைக்குக் கணக்கு, நெல்லுக்குக் கட்டுப்பாடுன்னு அவர் கதை கதையாகச் சொல்வார். மலேயா தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் போடக் கொண்டுபோன தமிழர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அங்கே இங்கிலாந்திலும் கப்பல் வரத்து குறைந்து, மேய்ச்சல் நிலத்தைக்கூட உழச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டது. போர் வந்தால்தான் எல்லாருக்கும் விவசாயி ஞாபகம் வரும் போல.

நான் எழுத நினைத்தது இது இல்லை.

ஏழெட்டு வருஷம் முன்னாடி, எங்க கழனிக்கு மூணு கழனி தள்ளி, குத்தகைக்குப் பயிர் வச்சிருந்த அண்ணன் ஒருத்தரின் வைக்கப்போர் ராத்திரியில் எரிஞ்சு போச்சு. பக்கத்திலிருந்த மாட்டுக்கொட்டாயும் சேர்ந்து எரிஞ்சது. ஒரு கன்னுக்குட்டி செத்துப்போச்சு. விடிஞ்சதும் ஊரே சொன்னது ஒரே வார்த்தை: "பீடி." நானும் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வழக்கு முடிஞ்சது.

அந்த அண்ணன் பீடி பிடிக்கிறவர்தான். ஆனால் போருக்குப் பக்கத்தில் பற்ற வைத்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. மழைத்தண்ணி இறங்காம போரின் தலையைச் சீவி முடியிறதில் அவர் அளவுக்குக் கவனமான ஆள் எங்க பக்கம் கிடையாது. இதெல்லாம் எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் யோசிக்கலை.

மெக்டொனால்ட் செய்வது இந்த யோசனையைத்தான். செத்தவன் எப்படிப்பட்டவன், அவன் கைவேலை எப்படி இருக்கும், கவனக்குறைவாக இருக்கிற ஆளா அவன், என்று விசாரிக்கிறார். ஒரு குடியானவனைப் பற்றி அவன் வரப்பும் வாய்க்காலும் சொல்கிற சாட்சியை மதிக்கிற கதை இது. எனக்கு அதனால்தான் பிடித்தது.

நிவாரணம் கேட்கலாமே என்பீர்கள். சிட்டா யார் பேரில் என்பதுதான் முதல் கேள்வி. சாகுபடி குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955லேயே சட்டம் வந்தாச்சு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ல் இன்னொன்று. ஆனால் எங்க பக்கம் பாதிக் குத்தகை இன்னும் வாய்ப்பேச்சுதான். காகிதத்தில் இல்லாத ஆளுக்கு நஷ்டம் மட்டும் எப்படி காகிதத்தில் ஏறும்?

அடுத்த சொர்ணவாரிக்கு அவர் பயிர் வைக்கலை. ஒரகடம் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டார். அந்த நிலத்தில் இப்போ கல்லு நட்டு கலர் கொடி கட்டியிருக்கு. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பீடியாகவே இருந்திருக்கலாம். ஆனால் யாருமே கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்துட்டு அப்படியே மாகறல் கோயிலையும் பார்க்க வர்ற நண்பர்கள், செய்யாத்தங்கரையில் நின்னு, "எவ்ளோ அமைதியா இருக்கு சார் உங்க ஊரு" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். கேள்வி கேட்க ஆள் இல்லாத ஊரும் வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். தமிழில் கிராமத்துக் கொலைக்கதை இல்லாமல் இல்லை. சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' இருக்கு. ஆனால் அதில் கிராமத்துக்கு வருகிறவன் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த பட்டணத்து ஆள், மர்மம் ஜமீன் வீட்டில். குத்தகைக்காரனின் வைக்கப்போருக்காகத் துப்பறிகிற கதையை நான் இன்னும் படிக்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

புத்தகத்தை முடித்த மறுவாரம் அந்த அண்ணன் கோயிலுக்கு வந்திருந்தார். டீக்கடைக்குக் கூட்டிப் போய், "அண்ணா, அன்னிக்கு ராத்திரி என்னதான் ஆச்சு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"நீயும் பீடின்னுதானேடா சொன்னே?" என்றார்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

புத்தகம் என்கிட்டதான் இருக்கு. இந்தப் பக்கம் வந்தால் வாங்கிட்டுப் போங்க. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடணும்.