வீரன் ஏன் சாகவில்லை?

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய மாயாஜாலத் தொடர்கதையில் கதாநாயகனைப் பாதாளக் கிணற்றில் தள்ளிவிட்டுத் 'தொடரும்' போட்டேன். அவனை எப்படி மீட்பது என்று எனக்கே தெரியாது. மறு வாரம் அவன் இடுப்பில் ஒரு தாயத்தைக் கட்டினேன், பறந்து வந்துவிட்டான். வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். அந்தத் தாயத்து முந்தைய இருபது வாரமும் எங்கே இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர் ஜவ்வாது மலைக்காரர். ஜமுனாமரத்தூரில் தங்கியிருந்த ஓர் இரவு, சாமை வயலுக்குக் காவல் போகும் பெரியவர் ஒருவருக்கு அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். முடிகிறவரை பேசாமல் கேட்டுவிட்டு, "ஏங்க சார், தாயத்த அவனுக்கு யாரு குடுத்தா? அதுக்கு அவன் என்ன குடுத்தான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "அப்போ அவன் செத்திருக்கணுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஆச்சரியமில்லை. அந்த மலையிலும், அடிவாரத்தில் செங்கம் வட்டாரத்திலும் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள் நிறைய உண்டு. வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் கும்பிடுகிறார்கள். எடத்தனூரில் கிடைத்த கல் ஏழாம் நூற்றாண்டினது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்டது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய்க்கும் அதில் இடம் உண்டு. கோவிவன் என்று அந்த நாயின் பெயரைக்கூட விடாமல் வெட்டியிருக்கிறார்கள். எதற்காகச் செத்தான் என்று கல்லே கணக்குச் சொல்கிற சீமையில், எதனால் பிழைத்தான் என்று கதை கணக்குச் சொல்ல வேண்டாமா?

"மாயக்கதையில் கணக்கு ஏது? எதுவும் நடக்கலாம்" என்று நம் எழுத்தாளர்களில் பலர் சொல்கிறார்கள். இது சோம்பேறிகளின் வாதம். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை; பயமில்லாத இடத்தில் வீரம் எங்கிருந்து வரும்? நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் மகா கறார். விக்கிரமாதித்தனுக்கு இந்திரன் ஆயிரம் வருஷம் அரசாள வரம் கொடுத்தான். தம்பி பட்டி காளியிடம் போய் இரண்டாயிரம் கேட்டான். நான் கேட்ட கதையில், காளி அண்ணன் தலையையே பலி கேட்கிறாள். பட்டி வெட்டிக் கொண்டு வருகிறான். வரம் கிடைத்ததும் சிரிக்கிறான். இந்திரன் கொடுத்த ஆயிரம் என் கத்திமுனையில் போயிற்றே, நீ கொடுத்த இரண்டாயிரம் மட்டும் நிற்குமா என்று கேட்கிறான். காளி வேறு வழியில்லாமல் அண்ணனை எழுப்புகிறாள். அண்ணனுக்கு ஆயிரம் வருஷ ஆட்சிதானே? அதற்கும் பட்டி வழி சொல்கிறான்: நாடாறு மாதம், காடாறு மாதம். ஆயிரம் வருஷ ஆட்சி இரண்டாயிரம் வருஷ ஆயுளாகிவிட்டது! எந்தக் கணக்குப்பிள்ளையும் இதில் பிழை காண முடியாது.

வெள்ளைக்காரப் பாட்டிகளும் லேசுப்பட்டவர்களல்ல. ஹாரி பாட்டர் கடைசியில் பிழைத்து எழுவது மோசடி என்று என் நண்பர் ஒருவர் இன்னும் சண்டை போடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1997-இல் வந்த முதல் புத்தகத்திலேயே தாய் தன் உயிரை விலையாகக் கொடுத்துவிட்டாள். 2000-இல் வந்த நான்காவதில் எதிரி ஹாரியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறான். 2007-இல் அந்த ரத்தமே ஹாரியைச் சாகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஏழு வருஷம் முன்பே விதைத்தது! (மந்திரக்கோல் யாருக்குச் சொந்தம் என்ற விவகாரத்தில் மட்டும் கொஞ்சம் வக்கீல் வாடை.)

என் தொடரைப் புத்தகமாகப் போடப் பதிப்பாளர் கேட்டார். தாயத்தை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். எடுத்தும்விட்டேன். இரண்டு வருஷமாகிறது; அவன் கிணற்றிலேதான் இருக்கிறான்.