ஒற்றுமையான குடும்பந்தானா?

"புத்தகம் கையில் இருந்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூட உனக்குத் தெரியாது" என்பார் என் மாமியார். போன வாரம் நிஜமாகவே பால் பொங்கி வழிந்துவிட்டது! காரணம், விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013-ல் எழுதிய 'காச்சர் கோச்சர்' என்ற சின்ன நாவல். தமிழிலும் வந்திருக்கிறது.

பெங்களூரில் ஒரு குடும்பம். அப்பா சேல்ஸ்மேன். எறும்பு மொய்க்கும் சிறிய வீடு. சித்தப்பா மசாலா வியாபாரம் ஆரம்பிக்க, பணம் கொட்டுகிறது. பெரிய வீடு வருகிறது. கதை சொல்லும் பிள்ளைக்கு வேலை செய்யாமலே சம்பளம்! சம்பாதிக்கும் சித்தப்பாவின் மனம் கோணக்கூடாது என்பதே வீட்டுச் சட்டமாகிறது.

ஒருநாள் ஒரு பெண், சித்தப்பாவுக்காகச் சமைத்த குழம்போடு வாசலுக்கு வருகிறாள். தாயும் மகளும் அவளை ஏசித் துரத்துகிறார்கள். ஆண்கள் வாயே திறக்கவில்லை. படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த வீட்டில் நியாயம் கேட்கிறவள் மருமகள் அனிதாதான். அவள் பிறந்த வீட்டில், பட்டத்து நூல் சிக்கிக்கொண்டதற்கு வைத்த பெயர்தான் 'காச்சர் கோச்சர்'.

"பணம் வந்தது, பாசம் போச்சு. அதானே கதை?" என்றாள் என் சிநேகிதி. என் அபிப்பிராயம் வேறு. பாகம் பிரித்தால்தான் குடும்பம் உடைந்தது என்கிறோம். இந்தக் குடும்பமோ எல்லோரும் ஒரே கட்டாய் நிற்கும்போதே உடைந்துபோகிறது.

எங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டு. புதிதாய் வந்த என் ஓரகத்தி ஒருநாள் சாப்பாட்டு வேளையில், "இவர் சம்பளம் பூராவும் பெரியவரிடம் கொடுக்கிறாரே, கணக்கு ஏதாவது உண்டா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். யாரும் சண்டை போடவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். பத்து நாள் அந்தப் பெண் தனியாகச் சாப்பிட்டாள். நானுந்தான் பேசவில்லை. அதைக் குடும்ப ஒற்றுமை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அனிதா கடைசியில் என்ன ஆனாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்தக் கவலையோடு நம்மை விட்டதுதான் சரி என்று பட்டது.

அன்றே ஓரகத்திக்குப் போன் செய்தேன். நாவலைப் பற்றித்தான் பேச முடிந்தது. மற்றது வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். புத்தகத்தைக் கொடுக்கும்போது, என்றோ கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் கேட்டுவிடப் போகிறேன்.