கூடைக்குள் காய்க்கும் கொடி

கூடை முடைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலை வெட்டி, பிளந்து, சீவி, அப்புறம் முடைவார்கள். ஆனால் மண்ணில் வேர் விட்டு உயிரோடு இருக்கும் கொடியையே வளைத்துக் கூடையாக முடைகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அந்தக் கூடைக்குள்ளேயே திராட்சை காய்க்கிறது!

கிரேக்க நாட்டின் தென்கிழக்கே, ஈஜியன் கடலில் உள்ள ஸாண்டோரினித் தீவில்தான் இந்த அதிசயம். வெள்ளை வெளேரென்ற வீடுகள், நீலக் குவிமாடங்கள், கீழே கடல் என்று காலண்டர்களில் வருகிற அதே தீவுதான். அங்கே விளையும் திராட்சையிலிருந்து தயாராகும் வெள்ளை ஒயின் உலகத்தின் உயர்ந்த ரகங்களில் ஒன்று.

"குடும்பப் பத்திரிகையில் மதுவைப் பற்றியா?" என்று முகம் சுளிக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. யாரையும் நான் குடிக்கச் சொல்லவில்லை. கொடியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். தவிர, யவனர் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூறே பேசுகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அதே ஈஜியன் கடலில் இருக்கும் கோஸ் தீவின் பாணியில் செய்த ஒயின் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஆகவே நமக்கு இது அப்படியொன்றும் அந்நியச் சமாசாரமல்ல.

ஸாண்டோரினி ஓர் எரிமலையின் மிச்சம். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் அந்த மலை வெடித்துச் சிதறியது. தீவின் நடுப்பாகம் கடலுக்குள் போய்விட்டது. மிஞ்சிய நிலத்தின்மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மூடிக்கொண்டன. இன்றைக்கும் அதுதான் அங்கே மண். களிமண் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆறு இல்லை. மழையோ குளிர்காலத்தில் கொஞ்சம் பெய்வதோடு சரி. போதாக்குறைக்குக் கோடையில் வடக்கேயிருந்து அடிக்கிற காற்று! நம் கம்பம் பக்கத்தில் போடுவது போலப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றினால், பந்தலும் போகும், பழமும் போகும்.

அதனால்தான் இந்தக் கூடை யோசனை. குளிர்காலத்தில் கொடியைக் கவாத்துச் செய்யும்போது நல்ல கிளைகளாகச் சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அவற்றைத் தரையோடு தரையாக வட்டமாக வளைத்து, போன வருஷத்து வளையத்தின்மேல் பின்னிவிடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு சுற்று ஏறும். நம்மூர்ச் சும்மாடு பெரிதாகிப் பறவைக்கூடு ஆனால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருக்கும். இலையும் குலையும் உள்பக்கமாக வளரும். வெளியே சுழற்றியடிக்கும் காற்று பழத்தைத் தொடாது, மணலை வாரியிறைக்காது, வெயிலும் நேரே படாது. இரவில் கடலிலிருந்து எழும் பனிமூட்டத்தின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொடி பிழைத்துக்கொள்கிறது.

எழுபது, எண்பது வருஷமானால் கூடை தடித்துப்போய், வேரிலிருந்து நீர் நுனிவரை ஏறச் சிரமப்படும், காய்ப்பு குறையும். அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? கூடையை அடியோடு வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பழைய வேரிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். முதல் வளையத்திலிருந்து முடைய ஆரம்பிக்க வேண்டியதுதான். இப்படி இரண்டு மூன்று கூடைகளைக் கண்ட வேர்களுக்கு இருநூறு வயதும் அதற்கு மேலும் ஆகிறது. முதல் கூடையை முடைந்தவர் யார் என்பது அந்த வேருக்குத்தான் தெரியும்.

ஐரோப்பாவில் மற்ற இடங்களில் இத்தனை கிழட்டு வேர்கள் ஏன் அபூர்வம்? அதற்குக் காரணம் ஒரு பூச்சி. பிலாக்ஸெரா என்று பெயர். நம் செடிகளில் ஒட்டும் அசுவினிக்கு உறவு. 1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து, திராட்சை வேரின் சாற்றை உறிஞ்சித் தோட்டம் தோட்டமாகச் சாகடித்தது. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். பூச்சிக்கு மண்ணுக்குள் ஊர்ந்து போகக் களிமண்ணின் வெடிப்புகள் வேண்டும். ஸாண்டோரினியின் சாம்பல் மணலில் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. எரிமலை ஒரு காலத்தில் ஊரை அழித்தது. அது விட்டுப்போன சாம்பல் கொடியைக் காப்பாற்றியது.

இந்தக் கொடியின் ஜாதிக்கு அஸிர்டிகோ என்று பெயர். வெயில் மிகுந்த தேசத்தில் திராட்சை பழுத்தால் புளிப்பு போய்விடும். மாங்காய் பழமாகும்போது நடப்பதுதான். அஸிர்டிகோ நன்றாகப் பழுத்து இனிப்பேறிய பிறகும் புளிப்பை விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் ஒயினில் எலுமிச்சையின் சுருக்கென்ற தன்மையும், லேசாக ஓர் உப்புக் கரிப்பும் இருக்கும் என்பார்கள். கிழட்டுக் கொடி கொடுப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தில் சாரம் அதிகம். வயதாகிவிட்டால் மட்டும் போதாது, கவனிக்கிற கையும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1903-ல் தொடங்கிய ஆர்கிரோஸ் குடும்பத்தார், இருநூறு வயதைத் தாண்டிய கொடிகளின் பழத்தைக் கலக்காமல் தனியாகவே புட்டியில் அடைக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் கொடிக்கு இப்போது கஷ்டகாலம். தீவில் குடியிருப்பவர்கள் சுமார் 15,000 பேர். 2023-ல் வந்துபோன உல்லாசப் பயணிகளோ 30 லட்சத்துக்கு மேல்! கடல் தெரிகிற காணி நிலத்தில் கொடி வளர்ப்பானா, ஹோட்டல் கட்டுவானா? ஆகஸ்டு மாதம் அறுவடை. ஹோட்டல்களில் கூட்டம் நெரிவதும் அதே ஆகஸ்டில்தான். கூடையோ முழங்கால் உயரம்கூட இராது; மண்டியிட்டுக் கையால்தான் பறிக்க வேண்டும், யந்திரம் உதவாது. குளிர்ந்த அறையில் தட்டு ஏந்தினால் சம்பளம் கிடைக்கும்போது வெயிலில் மண்டியிட வாலிபப் பிள்ளைகள் வருவார்களா? 2023, 2024 இரண்டு வருஷமும் வறட்சியும் வெப்பமும் சேர்ந்து விளைச்சலை நொறுக்கிவிட்டன.

சிலர் கூடையை விட்டுவிட்டுக் கம்பி கட்டி வரிசையாகக் கொடியை ஏற்றிப் பார்க்கிறார்கள். பறிப்பது சுலபம், ஆளும் குறைவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஜனவரி பிறந்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், தாத்தா முடைந்த வளையத்தின்மேல் இந்த வருஷத்து வளையத்தைப் பின்னுகிறவர்கள் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஆகஸ்டில் பறித்த பழத்தை, பகல் வெப்பம் ஏறுமுன் ராத்திரியோடு ராத்திரியாக மிதித்துப் பிழிவது அவர்கள் முன்னோர் வழக்கம். அந்த ஒயினுக்கு இன்றைக்கும் 'நிக்தேரி' என்றுதான் பெயர். கிரேக்க மொழியில் 'நிக்தா' என்றால் இரவு.