உளியும் யந்திரமும்

காவிரி டெல்டாவிலே குடியானவனுக்குப் பஞ்சாங்கத்தைவிட மேட்டூர் மதகே பெரிய காலக்கணக்கு. வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி திறக்கும் அணை, ஜனவரி 28-ந் தேதி மூடுகிறது. மூடிய நாள் முதல் மறுபடி திறக்கும் நாள் வரை எண்ணினால் 135 நாட்கள். பூதலூர் தாலூகா கல்லணையைத் தன் எல்லைக்குள்ளேயே உடையது. 1934-ம் வருஷம் மேட்டூர் அணையோடு பிறந்த புது ஆறும் அவ்வழியேதான் செல்கிறது. ஆயினும் சம்பா அறுத்து நெல்லை விற்ற பின்பு, ஆழ்குழாய்க் கிணறு உடையவர் போக மற்றவர்களுடைய கை அங்கும் ஓய்ந்துதான் கிடக்கிறது. இந்த ஓய்வு மாதங்களை மனத்தில் வைத்துத்தான் ஒரு காலத்தில் ராட்டினம் உபதேசிக்கப்பட்டது. இன்று அதே இடத்துக்கு வேறொரு பொருள் சிபாரிசு செய்யப்படுகிறது. கம்ப்யூட்டரின் ஏவலுக்கு அடங்கி மரத்தில் சிற்பம் செதுக்கும் சிறு யந்திரமே அது. வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து மாதந்தோறும் வருமானம் பார்க்கலாம் என்று விற்பவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பி விசாரிக்கும் வாலிபர்களில் நம் நேயர்களுடைய பிள்ளைகளும் இருக்கக்கூடுமாதலால், நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது கடமையாகிறது.

யந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் தேச பக்தர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. காந்தியடிகள் யந்திரத்துக்கு யந்திரம் என்ற காரணத்தால் விரோதியல்லர். 1924-ம் வருஷம் ராமச்சந்திரன் என்ற வாலிபர், பிற்காலத்தில் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தை அமைத்தவர், இவ்விஷயத்தைக் கிளறிக் கேட்டபோது, ஸிங்கர் தையல் யந்திரத்தை அடிகள் விலக்காக எடுத்துக் காட்டினார். 1929-ல் அகில இந்திய சர்க்கா சங்கம் நல்லதொரு புதிய ராட்டினத்துக்கு ஒரு லக்ஷம் ரூபாய் பரிசு அறிவித்தது. அதன் விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது, அது இந்தியாவிலேயே செய்யப்பட வேண்டும் என்பவை நிபந்தனைகளிற் சில. தஞ்சையில் 1892-ல் பிறந்த குமரப்பா தம் ஆயுளையெல்லாம் கிராமக் கைத்தொழிலுக்கே ஈந்தவர். அவரும் கேட்டது யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அது யாருக்கு எஜமான், யாருக்கு வேலையாள் என்பதே. இந்தச் செதுக்கு யந்திரத்தையும் அதே கேள்வியால் சோதிப்போம்.

இதன் பிறப்பு கிராமத்திலன்று. எண்களால் ஏவப்படும் வெட்டு யந்திரத்தை அமெரிக்காவிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தார் 1952-ல் செய்து காட்டினர். ஆகாய விமானத் தொழிலுக்காக ஏற்பட்டது அது. அறையை அடைக்கும் பருமன். இன்று அதே தத்துவம் மேஜையளவாகச் சுருங்கிவிட்டது. அதை நடத்தும் கட்டளைத் திட்டங்களில் சில, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி உலகத்துக்குப் பொதுவாக விடப்பட்டிருக்கின்றன. படத்தைக் கம்ப்யூட்டர் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களின்படி சுழலும் வெட்டூசி நீளத்திலும் அகலத்திலும் ஆழத்திலும் நகருகிறது. பெரிய ஊசியால் முதலில் மரத்தைப் பருவெட்டாகக் கழித்து, பின்பு உருண்டை முனையுள்ள சிறு ஊசியால் மெருகு வெட்டு வெட்டுகிறது. இரண்டடிப் பலகையில் நுணுக்கமான உருவமானால் ஒரு பகற்பொழுது முழுதும் ஓடும்.

ஆனால் மேலிருந்து இறங்கும் ஊசிக்கு ஒரு குறை உண்டு. துருத்தி நிற்கும் பாகத்துக்கு அடியிலே அது நுழையமாட்டாது. காதின் பின்புறம், மாலையின் உட்புறம், யாளியின் வாய்க்குள் இருக்கும் குடைவு எல்லாம் உளிக்குத்தான் வசப்படும். கண் திறப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. விற்பனைப் பத்திரங்கள் மறைக்கும் இந்தக் குறையே, நம் கருத்தில், இந்த யந்திரத்தின் மிகச் சிறந்த குணம்.

நிற்க. கணக்குக்கு வருவோம். பூதலூர் வாலிபர் ஒருவர் 3 லக்ஷம் ரூபாய் கடன் வாங்கி யந்திரம் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்து வருஷத்தில் தீர்ப்பதானால் மாதத் தவணை சுமார் 6,400 ரூபாய். யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை ஓடும். மரம், ஊசி, மின்சாரம் தனி. வீட்டு இணைப்பிலிருந்து தொழில் நடத்துவது விதிக்குப் புறம்பு. குடிசைத் தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது, அதற்கு மனுப்போட வேண்டும். இவ்வளவும் செய்த பின்பு அவர் என்ன செதுக்குவார்? வாங்கிய படத் தொகுப்பில் உள்ள அதே பிள்ளையாரைத்தான். அதே பிள்ளையாரை அதே தொகுப்பிலிருந்து நகரத்துக் கதவுக் கடைக்காரர் நான்கு ஊசியுள்ள பெரிய யந்திரத்தில் ஒரே நேரத்தில் நான்காகச் செதுக்குகிறார். விலைப் போட்டியில் தாழ்வாரம் தோற்பது திண்ணம். எல்லோரிடமும் உள்ள படத்தைச் செதுக்குகிறவனுக்குக் கூலி மிஞ்சலாமேயொழிய லாபம் மிஞ்சாது.

அப்படியானால் வழியில்லையா? உண்டு. தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் வேண்டும். ஒரே அச்சான வேலைப்பாட்டை அடி அடியாகத் திரும்பத் திரும்ப வெட்டுவதில் யந்திரத்துக்கு நிகரில்லை. அந்தச் சந்தை ரயிலில் அடுத்த ஊர். பதினான்கு குழிப் பல்லாங்குழி, கொழுக்கட்டை அச்சு, பூஜையறைக் கதவின் மணிப்பலகை, தமிழ் எழுத்தில் வீட்டுப் பெயர்ப்பலகை இவையெல்லாம் சிறு வேலைகள். பெரிய கடைக்காரர் ஒன்றிரண்டுக்காக மெனக்கெடமாட்டார். நம் எழுத்தின் சுழிவை அழகாக வரையத் தெரிந்தவன் அதிலேயே முன்னுக்கு வரலாம். எமக்குத் தெரிந்தவரை தெருவெங்கும் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் அப்படி வரையத் தெரிந்தவர் அதிகமில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூரிலும், சேலம் ஜில்லா தம்மம்பட்டியிலும், கள்ளக்குறிச்சியிலும் மரச் சிற்பிகள் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்து வருகிறார்கள். தஞ்சையில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் தேர் 2015-ல் புதிதாகச் செய்யப்பட்டுச் சுமார் நூறு வருஷத்துக்குப் பின் வீதியுலா வந்ததே, அதன் சிற்பங்கள் இந்த மரபில் வந்தவை. வாங்குகிறவர் யந்திரத்தின் விலையைக் காட்டி இவர்களுடைய கூலியைக் குறைக்கக் கேட்பார். போதாக்குறைக்கு, யந்திரம் வெட்டியதன் மேல் சாயம் பூசிக் கைவேலை என்று விற்பாரும் தோன்றுவர். இது வெறும் ஒழுக்கக் கேடு மட்டுமன்று, சட்டத்துக்கும் விரோதம். அரும்பாவூர்ச் சிற்பமும் தஞ்சாவூர் வீணையும் 1999-ம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அப்பெயரைப் பொய்யாக ஒட்டுவது அச்சட்டப்படி சிறைக்குரிய குற்றம். கோர்ட்டில் வாதாடிப் பழகிய நாம் ஒன்று சொல்வோம்: சட்டம் புஸ்தகத்தில் இருப்பது வேறு, அரும்பாவூர்ச் சிற்பி வக்கீலுக்குப் பணம் கொடுத்து வழக்காடுவது வேறு. ஆகையால் காவல், விற்கும் இடத்திலேயே ஏற்பட வேண்டும். பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், ஒவ்வொரு மரப்பொருளிலும் ‘முழுதும் கைவேலை’ என்றோ, ‘யந்திரம் வெட்டியது, கை முடித்தது’ என்றோ சீட்டு ஒட்டட்டும். இரண்டாவது சீட்டில் அவமானம் ஏதுமில்லை. பருவெட்டை யந்திரத்துக்கும் முடிப்பு வேலையைச் சிற்பிக்கும் பங்கிட்டு, சீட்டில் சிற்பியின் பெயரும் இருந்தால், வெட்டிக் கழிக்கும் நாட்கள் மிஞ்சுமேயன்றி அவருடைய வயிறு காயாது.

கடன் விஷயத்தில் ஸர்க்கார்களைக் குறை சொல்லாமலிருக்க முடியவில்லை. மத்திய ஸர்க்கார் 2023-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் கருவிக்கென்று கொடுப்பது 15,000 ரூபாய். அது உளிப்பெட்டிக்குப் போதும், இதற்குப் போதாது. அதன் நிபந்தனைகளை ஆக்ஷேபித்துச் சென்னை ஸர்க்கார் 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 3 லக்ஷம் வரை கடனும், 50,000 வரை மானியமும் வகுத்தது. ஆனால் 35 வயது நிரம்பியவருக்கே அது என்று வரம்பு கட்டியது. கம்ப்யூட்டர் பழகியவன் இருபத்தைந்திலும், உளி பழகியவன் ஐம்பதிலும் இருக்கிறான். இருவரும் சேர்ந்து மனுச் செய்தால் முன்னுரிமை என்று ஒரு விதி செய்வதற்கு அதிக யோசனை தேவையில்லை.

தாழ்வாரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதாக ஐயமற நிரூபணமான பொருள்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் சேர்த்தது. குழந்தை தொட்டிலில் தூங்கும் வீட்டில், தூளை இழுத்துப் பையில் சேர்க்கும் கருவியில்லாமல் இதை ஓட்டுவது பாபம். கொல்லையில் தனிக் கொட்டகை போடட்டும். அதன் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதட்டும்.

2020-ம் வருஷத்துச் சட்டம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, எண்ணெய்த் துரப்பணம் முதலிய சில பெருந்தொழில்களுக்குக் கதவடைத்தது. அதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் கதவடைத்தவர்கள் உள்ளே இருப்பவனுக்கு 135 நாள் என்ன வேலை என்று சொல்லவில்லை. பூதலூரில் இரண்டு மூன்று யந்திரங்களோடு ஒரு பொதுப் பட்டறை வைத்து, மணிக்கு இவ்வளவு வாடகை என்று விடட்டும். அரும்பாவூரிலிருந்து ஒரு சிற்பியைத் தக்க சம்பளத்துக்கு ஆசானாக அழைக்கட்டும். ஒரு கோடைப் பருவம் வாடகைக்கு ஓட்டிப் பார்த்து, கையும் கணக்கும் படிந்தவர்கள் மட்டும் அடுத்த தையில் கடனுக்குக் கையெழுத்துப் போடட்டும். ஜில்லா தொழில் மையத்தார் இந்த வருஷம் மேட்டூர் மதகு மூடுவதற்குள் இதற்கு இடம் பார்ப்பார்களா என்று கேட்கிறோம்.